முப்பத்தொரு பொத்தான்

தங்கில் ஊர்க்காரர்கள் யாரையும் வாசலில் நிறுத்தி, முகத்தில் அடித்தாற்போல் ‘வரமாட்டேன்’ என்று சொன்னதில்லை. அதில் அவர்களுக்கு ரொம்பப் பெருமை. தென்னமெரிக்காவின் தென்கோடியில், சிலி நாட்டுச் சிலோயேத் தீவுகளில் ஒருவர் வீட்டை இடம் மாற்ற வேண்டுமென்றால் ஊரை மிங்காவுக்குக் கூப்பிடுவார். வீடு வீடாகப் போய், தலையில் இருப்பதைக் கழற்றி, இன்னார் வீட்டுக்கு இன்ன நாள் என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் முடிந்தது. கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. மாட்டையும் கயிற்றையும் கொண்டுவந்து நின்றே ஆகவேண்டும். மரவீடுதானே, அப்படியே கட்டி இழுத்து, தேவைப்பட்டால் கடலில் மிதக்கவிட்டு, அடுத்த தீவில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் வீட்டுக்கு உரியவர் வாசலில் நின்று, தன் பேரையும் தகப்பன் பேரையும் உரக்கச் சொல்லி வந்தவர்களுக்கு நன்றி சொல்வார். மிங்காவை மறுத்தவன் என்ற பேர் வந்தால் அது பேரப்பிள்ளை வரைக்கும் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே 1908-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் தொமித்திலா அந்த ஊரின் பத்தொன்பது வாசலிலும் நின்று கூப்பிட்டபோது ஒருவரும் மறுக்கவில்லை. கதவைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். காதில் விழாத அழைப்பை மறுத்ததாக ஆகாதே! உள்ளே அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது. குழந்தை இருமுகிற சத்தம் கேட்டது. பதினேழாவது வீடு பாஸ்த்தோராவுடையது. அவளுக்கு வாயை மூடி இருக்கிற பழக்கம் பிறவியிலேயே இல்லை. கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து, “வீட்ல யாரும் இல்ல!” என்று கத்தினாள்.

“சரி, வந்தா சொல்லுங்க” என்றாள் தொமித்திலா.

கடைசி வாசல் உபதேசியார் எர்மோகெனெஸுடையது. பாதிரியார் வருஷத்துக்கு ஒருமுறை படகில் வந்து போவார். மிச்ச முந்நூற்றுச் சொச்சம் நாளும் தங்கிலில் சாமிக்கு அடுத்தபடி எர்மோகெனெஸ்தான். சில நாள் சாமிக்கே உத்தரவு போடுவார் போலத் தோன்றும். அவர் கதவும் திறக்கவில்லை. மழையில் தலைத்துணி நனைய அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

அவள் செய்த குற்றம் என்னவென்றால் பிறந்தது. அவளுடைய அப்பா அன்செல்மோ பச்சிலை வைத்தியம் தெரிந்தவர். ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கட்டி உடைத்து, எலும்பு கட்டி, பிரசவம்கூடப் பார்த்திருக்கிறார். ஒரு வருஷம் உருளைக்கிழங்கு அழுகிப்போனது. யார் செய்த சூனியம் என்று தேடினார்கள். யார் வைத்தியம் பார்க்கிறானோ அவன்தானே! காவலர்கள் வந்து கையைக் கட்டிப் பட்டணத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஆறு மாசம் கழித்து, குற்றம் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். மனுஷன் திரும்பி வருகிற வழியிலேயே நெஞ்சுச்சளியில் செத்துப்போனார். அந்த அன்செல்மோவின் பேரை அதற்குப் பிறகு தங்கிலில் யாரும் வாயால் சொன்னதில்லை. மகளும் சொன்னதில்லை. சூனியக்காரன் மகள் என்றே பதினாறு வருஷம் வாழ்ந்தாள். கோயிலில் கடைசி வரிசை, கிணற்றில் கடைசிக் குடம்.

மித்ரி வந்தது ஒரு மழைநாளில். முதுகில் ஒரு பெட்டி, கழுத்தில் ஒரு பெட்டி. அதைத் திறந்தால் கண்ணாடி, சீப்பு, ஊசி, ரிப்பன், சாயநூல், தட்டுத் தட்டாகப் பொத்தான். அரபு தேசத்து ஹோம்ஸ் பக்கத்துக் கிறிஸ்தவன். துருக்கிச் சுல்தானின் பட்டாள வரியைக் கட்ட முடியாமல் கப்பலேறி ஓடிவந்தவன். அவன் கையில் இருந்த காகிதத்தில் துருக்கி முத்திரை இருந்ததால் இங்கே எல்லாரும் அவனைத் துருக்கியன் என்றார்கள். யாரிடமிருந்து தப்பி ஓடினானோ அவன் பேரையே தலையில் கட்டினார்கள், பாவம்.

“அந்தக் கடைசி வீட்டுக்குப் போகாத, அங்க சூனியக்காரி இருக்கா” என்று பாஸ்த்தோரா அவனிடம் புத்தி சொன்னாள். அவன் நேரே அங்கேதான் போனான்.

“ஊசி வேணுமா?” என்று கேட்டான்.

“பொம்மைல குத்துறதுக்கா?” என்றாள் தொமித்திலா. ஊர் பேசுகிறதை ஊருக்கு முன்னால் தானே சொல்லிவிடுவது அவள் பழக்கம்.

அவன் சிரிக்கவில்லை. அவள் மேல்சட்டையைப் பார்த்தான். “மூணாவது பொத்தான் இல்ல உங்களுக்கு” என்றான். பெட்டியைக் கிளறி, மற்றவற்றோடு ஒத்துப்போகிற ஒரு கொம்புப் பொத்தானை எடுத்து நீட்டினான். பத்து வருஷமாக அந்தச் சட்டையை ஊசி குத்திப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷன் பார்த்துச் சொன்னது அன்றுதான். உள்ளே வரச் சொல்லி, சாம்பலில் சுட்ட உருளைக்கிழங்கைத் தட்டில் வைத்தாள். அவன் சாப்பிடுமுன் சிலுவை போட்டான். நெற்றி, வயிறு, வலது தோள், அப்புறம் இடது தோள்.

அவள் பதறிப்போனாள். “யோவ் வியாபாரி! தலகீழாப் போடுறியே!”

“எங்க ஊர்ல இதான் நேரு. நீங்க போடுறதுதான் எங்களுக்குத் தலகீழு.”

“இந்த ஊர்ல எவனாவது பாத்தான்னா உன்னக் கட்டி வச்சுத் தோலை உரிச்சுடுவான்.”

“நீங்க பாத்துட்டீங்களே. உரிங்க” என்றான் மித்ரி, வாய் நிறையக் கிழங்கோடு.

அந்த வீட்டில் பதினாறு வருஷத்துக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. மூன்றாம் மாதம் மறுபடி வந்தான். ஆறாம் மாதமும் வந்தான். அடுத்த வருஷம் இருவரும் பட்டணத்துக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். பட்டணத்துப் பாதிரியார் படித்தவர், ‘இவர்கள் பக்கத்தில் இப்படித்தான் சிலுவை போடுவார்கள்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். தங்கிலில் அப்படி முடியவில்லை. மித்ரி முதல் ஞாயிறு கோயிலுக்கு வந்து கையை வலமிருந்து இடமாகக் கொண்டுபோனதை எர்மோகெனெஸ் பார்த்தார். சூனியக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றித்தான் செய்வார்கள் என்பது அந்தத் தீவுகளில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். மாமனாருக்கு ஏற்ற மருமகன் வந்துவிட்டான் என்று ஊரே உச்சுக்கொட்டியது. “சிலுவைய நேராப் போட்டுத் தொலையேன், எனக்காக” என்று தொமித்திலா கெஞ்சினாள். “எங்கம்மா கையப் புடிச்சுச் சொல்லிக் கொடுத்தது, எப்படி மாத்துவேன்?” என்றான். அவளும் அப்புறம் கேட்கவில்லை. ஆனால் தான் மட்டும் கோயிலில் எல்லாரும் பார்க்கும்படி, இடமிருந்து வலமாக, அழுத்தி அழுத்திச் சிலுவை போட்டாள்.

நாலு வருஷம் அப்படி ஓடியது. அந்த வருஷம் மீன் வரத்து இல்லை. பழி சூனியக்காரன் வீட்டின்மேல்தான் விழுந்தது; எர்மோகெனெஸ் அவர்கள் வாசலில் வந்து நின்றார்.

“வீடு உங்களுது, மண்ணு கோயிலோடது. வர்ற ஆகஸ்டு பௌர்ணமி ஏத்தத்துக்குள்ள வீட்ட எடுத்துட்டுப் போயிருங்க. இல்லன்னா கோயிலுக்கு அடுப்பெரிக்க விறகாகும்.”

பெரிய மனசு! மிங்கா இல்லாமல் வீடு நகராது, ஊர் மிங்காவுக்கு வராது, இது இரண்டும் தெரிந்துதான் சொன்னார். அப்பா கையால் இழைத்த பலகை, அம்மா கண்மூடிய அறை, மித்ரியோடு சிரித்த அடுப்படி, எல்லாம் போகப்போகிறது. தொமித்திலாவுக்கு அந்த வீட்டைத் தவிர உலகத்தில் ஓர் அங்குலம் கிடையாது.

மித்ரி பட்டணத்துக்குப் போய், எதிரே கூப்பிடு தூரத்தில் கிடந்த கௌலே என்கிற சின்னத் தீவில் ஆளில்லாத மேடு ஒன்றை எழுதி வாங்கி வந்தான்.

“ஏன் இவ்வளவு கிட்டத்துல?” என்று கேட்டாள் அவள்.

“தெனம் காலையில நம்ம வீட்டுப் புகைய அவங்க பாக்கணும்ல?”

ஒன்றரை மாதம் இருவரும் தனியாகவே வேலை செய்தார்கள். கடப்பாரையால் மூலைமூலையாக நெம்பி, வீட்டைத் தரைக்கட்டையிலிருந்து தூக்கி, அடியில் இரண்டு நீள மரங்களைச் சறுக்குக்கட்டையாகச் செருகினார்கள். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் அடித்தார்கள். காலிப் பீப்பாய்களைக் கழுத்தில் கட்டின மாதிரி சுற்றிலும் கட்டினார்கள். தங்கில்காரர்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். “ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிட்டுப் போயிருவீங்களோ?” என்று பாஸ்த்தோரா கேட்டாள். “நீ உள்ள உக்காராம இருந்தா தூக்கிருவோம்” என்றாள் தொமித்திலா. பாஸ்த்தோரா கொஞ்சம் கனமான உடம்பு.

ஊர்க் கதவுகள் திறக்காமல்போன மறுநாளே மித்ரி படகை எடுத்தான்.

“மெலின்கோவுல சொல்றேன். சுத்துல இருக்குற தீவுங்கள்ல சொல்றேன். எல்லாரையும் எனக்குத் தெரியும்” என்றான்.

தெரியும்தான். எழுதப்படிக்கத் தெரியாத அந்தத் தீவுகளில் ஒரு வீட்டுச் சேதியை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகிறவன் மித்ரிதான். சொன்னதைச் சொன்னபடி சொல்வான், ஒரு வார்த்தை கூட்ட மாட்டான், குறைக்க மாட்டான். அதற்கு அவன் வைத்திருந்த கணக்கு ஒரு நூல். ஒரு சேதிக்கு ஒரு பொத்தானைக் கோத்துக்கொள்வான். சேதியைச் சொல்லி முடித்ததும் முடிச்சை அவிழ்த்து, அந்தப் பொத்தானை எடுத்து அந்த வீட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டு, மறுபடி முடிச்சுப் போடுவான். அவன் முடிச்சு தனி. நுனியைப் பல்லால் பிடித்துக்கொண்டு இரட்டையாக இழுத்துப் போடுகிற முடிச்சு, அவனைத் தவிர யாருக்கும் வராது.

அன்று காலை தொமித்திலாவே நூலில் கோத்தாள். முப்பத்தொரு வீடு, முப்பத்தொரு பொத்தான். கோத்துக்கொண்டே சொன்னாள்: “என் பேரச் சொல்லிக் கூப்பிடாத. உன் வீடுன்னு சொல்லு. எங்கப்பன் கத எல்லாத் தீவுலயும் தெரியும். என் பேரக் கேட்டா ஒருத்தனும் கயித்தத் தொட மாட்டான். வேல முடிஞ்சு நன்றி சொல்றப்பவும் நீயே உன் பேரச் சொல்லிரு.”

மித்ரி ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. முடிச்சைப் போட்டு நூலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கரையில் அவளைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தான். வேலியோரம் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“அஞ்சு நாள்ல வந்துருவேன். அண்டாவக் கழுவி வை” என்றான்.

நாலாம் நாள் வாடைக்காற்று எழுந்தது. அந்தக் கடலில் வாடையை நம்பிப் படகு விடுகிறவன் கிடையாது. ஆனால் நாள் நெருங்கிவிட்டதே, அவன் கிளம்பியிருக்கிறான். ஐந்தாம் நாள் படகு கவிழ்ந்தபடி வந்தது. ஆறாம் நாள் காலையில் மித்ரியும் வந்தான், தங்கில் கடற்கரைக்கே, அலை கொண்டுவந்து போட்டது. பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

தொமித்திலா அவனைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டே மேட்டுக்கு வந்தாள். ஒருவரும் கை கொடுக்கவில்லை. அவள் அழுத அழுகையை எழுதிக் காட்ட முடியாது, விடுங்கள். அழுது முடித்து உபதேசியாரிடம் போனாள். கல்லறைத் தோட்டத்தில் ஆறடி கேட்டாள். இந்தத் தடவை கதவு திறந்தது. மறுப்பதற்கென்றால் திறக்கும்போல.

“சிலுவைய மாத்திப் போட்டவனுக்கு மந்திரிச்ச மண்ணுல எடம் கெடையாது. அலை கொண்டாந்தத அலைகிட்டயே குடுத்துரு” என்றார் எர்மோகெனெஸ்.

“நான் அவர எங்க வைக்கணுமோ அங்க வச்சுக்கிறேன்” என்றாள். “உங்க மண்ணு உங்களுக்கே இருக்கட்டும். நல்லா இறுக்கிப் புடிச்சுக்கங்க.”

சாப்பாட்டு மேஜையை உடைத்துப் பெட்டி அடித்தாள். அவன் சட்டையைக் கழற்றியபோது பையில் நூல் கிடைத்தது. ஒரு பொத்தான்கூட இல்லை. பாஸ்த்தோரா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்த வீட்டைப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது.

“எல்லாத்தையும் கடல் தின்னுருச்சு, பாவம்” என்றாள் பாஸ்த்தோரா.

தொமித்திலா நூலைக் கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். நுனியில் முடிச்சு இருந்தது. அந்த இரட்டை முடிச்சு, அவன் போட்டது, இறுக்கமாக. கடல் தின்றிருந்தால் நூல் அறுந்திருக்கும், இல்லை முடிச்சு அவிழ்ந்திருக்கும். முடிச்சு அப்படியே இருக்க, பொத்தான் மட்டும் எப்படிப் போகும்? முப்பத்தொரு தடவை அவிழ்த்து, முப்பத்தொரு தடவை கட்டியிருக்கிறான். கடைசி வீட்டு வாசலிலும் நின்று சொல்லிவிட்டுத்தான் படகில் ஏறியிருக்கிறான்.

சொல்லியிருக்கிறான், சரி. வருவார்களா? அது நூலில் தெரியாது.

“கழுவி வைன்னு சொன்னாரு” என்று எழுந்தாள். அண்டாவை இழுத்துப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மறுநாள் முழுக்கத் தாழ்நீரில் சிப்பி தோண்டினாள். மூட்டை மூட்டையாகக் கிழங்கு உரித்து, துருவி, பிழிந்து, பன்றிக்கொழுப்பு வைத்து அடை தட்டினாள். இருந்த இரண்டு பன்றியையும் அடித்தாள். ஆப்பிள் கள்ளுப் பீப்பாய் இரண்டையும் வாசலுக்கு உருட்டினாள். நூறு பேருக்குச் சமையல். ஊர் வேலியோரத்துக்கு வந்துவிட்டது.

“துக்கத்துல மூள கொழம்பிருச்சு” என்றார் ஒருவர்.

“இவ்வளவையும் யாரு திம்பா? கடல்நாயா?” என்றாள் பாஸ்த்தோரா.

“வீட்ல யாரும் இல்லன்னு சொன்னியே, பேசுறது யாரு?” என்றாள் தொமித்திலா, கையை எடுக்காமல்.

பௌர்ணமி அன்று விடிந்ததும் கடல் உள்வாங்கி, சேறு பளபளத்துக் கிடந்தது. மதியம் ஒரு மணிக்கு ஏற்றம். அதற்குள் வீடு, மிதக்கிற அளவு தண்ணீர் ஏறுகிற கடலோரக் குறியில் போய் நிற்கவேண்டும், இல்லையென்றால் தண்ணீர் வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். தொமித்திலா அண்டாவில் சூப்பைக் கொதிக்கவிட்டுக் கரையில் நின்றாள். பனி மூடிக் கிடந்தது. எர்மோகெனெஸ் கையில் கோடாரியோடு இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து கொஞ்சம் தள்ளி நின்றார். ஏழரை ஆனது. எட்டு ஆனது. நூலைக் கையில் சுற்றிக்கொண்டு அந்த முடிச்சை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

முதலில் வந்தது மாடு கத்துகிற சத்தம். கடலில் மாடு கத்துமா? பனிக்குள்ளேயிருந்து ஒரு பெரிய படகின் முகம் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. பாய்ப்படகு, துடுப்புப்படகு, கூடைக்காரிகள் ஏறிய தோணி. முன்படகில் நின்றவர் ஆறடி உயரம், நரைத்த மீசை. மெலின்கோவின் நிக்கனோர், மிங்காவுக்கு மாடு ஓட்டுவதில் பேர்போனவர்.

“இதுதானே வீடு?” என்று தண்ணீரில் குதித்துக்கொண்டே கத்தினார். “சின்ன வீடுன்னான் துருக்கியன், பொய் சொல்லிருக்கான்! அவன் எங்க?”

“உள்ள இருக்காரு அண்ணே” என்றாள். கைகாட்டினாள்.

நிக்கனோர் உள்ளே போனார். பெட்டியைப் பார்த்தார். வெளியே வந்தபோது தொப்பி கையில் இருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவர் பின்னால் வந்தவர்களும் வைத்தார்கள். சிப்பிப் பொத்தான், கொம்புப் பொத்தான், பித்தளைப் பொத்தான். அவள் ஏந்திய பாவாடை மடி கனத்தது. எண்ணிப் பார்க்கவேண்டியதே இல்லை.

எர்மோகெனெஸ் முன்னால் வந்தார். “நிக்கனோர், தெரியாம வந்துட்டீங்க. அது பாவப்பட்ட வீடு. உள்ள இருக்குறவன்...”

“உபதேசியாரே, எங்களக் கூப்பிட்டாங்க, நாங்க வந்தோம்” என்றார் நிக்கனோர். “உங்க ஊரு வழக்கம் எப்படியோ, எங்களுக்குக் காது நல்லாக் கேக்கும். அந்தக் கோடாரியக் கொஞ்சம் குடுங்க, ஒரு கட்டைய வெட்டணும்.”

வாங்கியே விட்டார்! சூப்பைக் குடித்துவிட்டு ஆறு ஜோடி மாட்டையும் பூட்டினார்கள். கிளம்புமுன் எல்லாரும் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போடுவது வழக்கம். வீட்டுக்காரி முதலில். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. தொமித்திலா கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள். வயிற்றுக்குக் கொண்டுவந்தாள். பிள்ளைப் பருவம் முதல் அந்தக் கை தானாக இடது தோளுக்கு ஓடும். அன்று ஓடவில்லை. வலது தோளைத் தொட்டாள். அப்புறம், நிதானமாக, இடது தோளைத் தொட்டாள்.

வேலியோரத்தில் ஒரு முனகல் கிளம்பியது. நிக்கனோர் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

“ஓஹோ, இந்த வீட்டு வழக்கம் இப்படியா? சரி” என்று சொல்லி அவரும் வலது தோளைத் தொட்டார். அவருக்குப் பின்னால் நின்ற எண்பது பேரும் அப்படியே போட்டார்கள்.

“ஹேய்ய்ய்!” என்று நிக்கனோர் கோலை ஓங்கினார். வீடு முனகியது, குலுங்கியது, நகர்ந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஊர் காறித்துப்பிய வீடு தன் இடத்தைவிட்டுக் கிளம்பி, வேலியைச் சாய்த்துக்கொண்டு இறங்கியது. பாதி தூரம் நன்றாகப் போயிற்று. அப்புறம் சேறு. வலது சறுக்குக்கட்டை புதைந்தது. மாடுகள் முழங்கால் மடங்கின. கயிறு ஒன்று அறுந்து ஆட்கள் உருண்டார்கள். தண்ணீர் ஏறிவரத் தொடங்கிவிட்டது, குறிக்கு இன்னும் முப்பது அடி.

“இன்னும் ஒரு ஜோடி! ஒரே ஒரு ஜோடி இருந்தாப் போதும்!” என்று கத்தினார் நிக்கனோர்.

தங்கில் பக்கம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எர்மோகெனெஸ் கையைக் கட்டிக்கொண்டார். அப்போது மேட்டிலிருந்து தன் இரண்டு எருதுகளை ஓட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, சேற்றில் பாவாடை புரள இறங்கிவந்தது பாஸ்த்தோரா.

“எங்க போற?” என்றார் எர்மோகெனெஸ்.

“மாட்டுக்குக் காலு மரத்துப் போச்சு, நடத்திட்டு வாரேன்” என்றாள். “நான் பிரசவத்துல ரெண்டு நாள் கெடந்தப்ப எம்புள்ளயத் திருப்பி எடுத்தவரு வீடு இது. அதச் சொல்லாம வாய மூடிக்கிட்டே இருந்து எனக்குத் தாடையே வலிக்குது. தள்ளுங்க!”

ஏழாவது ஜோடி பூட்டியாயிற்று. ஒரே இழுப்பில் சேறு வாயைத் திறந்து கட்டையை விட்டது. வீடு குறியில் போய் நின்றதும், ஐந்து நிமிஷத்தில் முதல் அலை பீப்பாய்களைத் தொட்டது. தொமித்திலா உள்ளே ஏறி மித்ரியின் பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டாள். அடுப்பில் விறகைப் போட்டாள். ஒரு மணிக்கு வீடு லேசாக ஆடியது. அப்புறம் தரை அவள் காலுக்குக் கீழே மெத்தென்று எழுந்தது. மிதந்துவிட்டது!

பதினான்கு படகு கயிறு கட்டி இழுக்க, கூரைப் புகைபோக்கி புகைய, வீடு கடலில் போனது. மித்ரி ஊருக்கு வந்தபோது முதுகில் பெட்டி சுமந்து நடந்தே வந்தான். போகிறபோது கப்பல் முதலாளி மாதிரி, சொந்த வீட்டுக்குள் படுத்து, எண்பது பேர் இழுக்கப் போனான். தொமித்திலா பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு, “பாருய்யா, பாரு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அழுதாள், சிரித்தாள், எது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை.

மாலைக்குள் வீடு கௌலே மேட்டில் உட்கார்ந்துவிட்டது. மித்ரியை வாசலுக்கு வலது பக்கம், கடலைப் பார்த்த மாதிரி புதைத்தார்கள். பெண்கள் குழி தோண்டி, கல்லைப் பழுக்கச் சுட்டு, சிப்பியும் கறியும் கிழங்கும் அடுக்கி, பெரிய இலைகளால் மூடி வேகவைத்தார்கள். சாப்பாட்டுக்கு நடுவில் தொமித்திலா நிக்கனோர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். யாரு வீட்டுக்குன்னு சொல்லிக் கூப்பிட்டாரு?”

நிக்கனோர் வாயில் இருந்ததை விழுங்கினார். “அவன் சொன்னபடியே சொல்றேன், கேளு தங்கச்சி. வாசல்ல நின்னான், தொப்பியக் கழட்டுனான். ‘தங்கில்ல சூனியக்காரன்னு சொல்லிக் கட்டிட்டுப் போனாங்களே அன்செல்மோ, அவரு மக தொமித்திலா கூப்பிடுறா. பௌர்ணமி அன்னைக்கு அவ வீடு. நான் அவ புருஷன்’னான். எல்லா வாசல்லயும் இதேதான். ஒரு வார்த்த மாத்தல. நான்கூடக் கேட்டேன், ‘ஏன்டா, உன் வீடுன்னு சொல்லிருந்தா சுலபமா முடிஞ்சிருக்குமே’ன்னு.”

“என்ன சொன்னாரு?”

“‘பேர மறைச்சு இழுத்துட்டுப் போனா, அங்க போயும் அவ ஒளிஞ்சுதானே வாழணும்’னான்.”

தொமித்திலா தட்டைக் கீழே வைத்தாள். அவள் கெஞ்சிக் கேட்டதை அவன் கேட்கவில்லை. முப்பத்தொரு வாசலில் அவள் பேரைச் சொன்னான். அந்தப் பேரைக் கேட்டுத்தான் இத்தனை பேரும் வந்திருக்கிறார்கள். அவள் எழுந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வீட்டுக்கு உரியவர் நன்றி சொல்லவேண்டிய நேரம். பேச்செல்லாம் அடங்கியது. காற்று விழுந்து கடல் அசையாமல் கிடந்தது. எதிர்க்கரையில் தங்கில்காரர்கள் இன்னும் கலையாமல் நிற்பது தெரிந்தது.

“நான் தொமித்திலா!” என்றாள். குரல் உடைந்தது. மறுபடி, இன்னும் உரக்க, கரைக்குக் கேட்கும்படி கத்தினாள். “நான் தொமித்திலா! வைத்தியர் அன்செல்மோ மக! மித்ரி பொண்டாட்டி! இது என் வீடு! வந்த எல்லாரும் நல்லா இருக்கணும்!”

தண்ணீர்மேல் அந்தப் பேர்கள் மூன்றும் போயின. அப்புறம் தங்கில் கரையிலிருந்து, ஊரிலேயே பெரிய தொண்டை பதில் சொன்னது.

“கேட்டுச்சுடி! எங்க எல்லாருக்கும் காதுல விழுந்துச்சு!” என்று பாஸ்த்தோரா கத்தினாள்.